இருமுகிற இயந்திரமும் இரண்டு நிபுணர்களும்

சென்ற மாதம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அங்கிள், கார்புரேட்டர் எண்டால் என்ன? படத்தில பாத்தன். எங்கட வீட்டுக் கோப்பி மெசின்ர உடைஞ்ச துண்டு மாதிரிக் கிடக்கு." அதற்குக் கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள்.

நான் பதில் எழுதவில்லை. கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். பிறகு ஆறி யோசித்தால் பிள்ளை கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோரும் பேர்னிலும் பாடனிலும் லோசானிலும் பிறந்து, தொழிற்பள்ளியில் முறையாகப் படித்து மெக்கானிக் ஆனவர்கள். உங்கள் இயந்திரத்துக்கு வருத்தம் வந்தால் அதுவே வாய் திறந்து சொல்கிறது. நீங்கள் மடிக்கணினியைச் செருகி, "எங்கே நோகுது ராசா?" என்று கேட்கிறீர்கள். குளிர் கூடினால் பெற்றோலை எவ்வளவு கூட்டுவது என்று உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பெட்டி தானே முடிவெடுக்கிறது. எங்கள் காலத்தில் அந்தப் பெட்டி இல்லை. அதன் வேலையை நாங்கள் பார்த்தோம். எங்களோடு சேர்ந்து, ஒருவரும் கேட்காமலே, ஊரில் உள்ள மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த மற்ற எல்லோரையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. பக்கத்தில் நின்று "திருப்பு, திருப்பு" என்று கத்துகிறவர்களை என்ன செய்வது என்பதற்குப் புத்தகம் கிடையாது.

ஒரேயொரு விஷயம் தெரிந்தால் போதும், மீதிக் கதை விளங்கும். இயந்திரம் பெற்றோலையும் காற்றையும் கலந்து குடிக்கிறது. குளிர்ந்த காற்று தடிப்பு. அதற்குப் பெற்றோல் கூட வேண்டும். சூடான காற்று மெலிவு, குறைவாகப் போதும். மலை உச்சியில் காற்று இன்னும் மெலிவு. பெற்றோல் கூடிப்போனால் இயந்திரம் இருமும், புகைக்கும், ஊரெல்லாம் நாறும், ஆனால் சாகாது. பெற்றோல் குறைந்தால் மிக அழகாகப் பாடும். கேட்கிறவர்கள் மயங்கிப்போவார்கள். பாடிக்கொண்டே சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு, நடுவழியில் செத்துப்போகும்.

நான் வேலை செய்தது பேர்னுக்கு மேலே மலைக்குள், கார் போகாத ஒரு கிராமத்தில், கேபிள்கார் நடத்துகிற ஒரு கம்பனியின் பட்டறையில். முதலில் மலை உச்சி உணவகத்தில் கோப்பை கழுவினேன். கழுவுகிற மெசின் உடைந்தபோது அதைத் திருத்தினேன். அதற்குப் பிறகு கோப்பை கழுவ விடவில்லை, பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு பழைய ஸ்னோமொபைல் இருந்தது. காலையில் உணவகத்துக்குப் பாண் கொண்டுபோகும், மாலையில் குப்பை கொண்டுவரும், யாராவது காலை முறித்துக்கொண்டால் பின்னால் மீட்புச் சறுக்குவண்டியைக் கட்டி இழுத்து வரும். புதியது வாங்கச் சொல்லி வருடா வருடம் கேட்டோம். எங்கள் செஃப், இங்கே செஃப் என்றால் சமையல்காரர் இல்லை, மேலாளர், வருடா வருடம் ஒரே பதிலைச் சொன்னார்: "அது ஓடுதுதானே."

பட்டறையில் எனக்கு மூத்தவர் ஒரு சுவிஸ்காரர். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. வாயைத் திறக்க வாடகை கேட்கிற மனிதர். காலை வேளைகளில் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: "இன்றைக்குப் போகிற வழியில் ஆகக் குளிரான இடம் எது?" அந்த இடத்துக்குத்தான் கார்புரேட்டரைச் சரிசெய்வார். நாங்கள் நிற்கிற இடத்துக்கு இல்லை, போய்ச் சேருகிற இடத்துக்கும் இல்லை. மற்ற இடங்களில் அது இருமினால் இருமட்டும் என்று தொப்பியை இழுத்துவிட்டுப் போய்விடுவார். நான் ஏன் என்று கேட்டேன். "இருமுகிறவன் உயிரோடு இருக்கிறான்" என்றார். அந்த வருடத்தில் அவர் பேசிய ஆக நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆகக் குளிரான இடம் உச்சி இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் தவறுவார்கள். குளிர் காற்று பாரம். இரவில் இறங்கி வந்து அடிவாரத்துச் சமவெளியில் குளம் கட்டி நிற்கும். மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது கீழே மூக்குமயிர் உறையும். அடிவாரத்துக் கேபிள்கார் நிலையத்தைத் தாண்டி அந்தச் சமவெளியை முழுக்கக் கடந்தால்தான் வீதி. அம்புலன்ஸ் அந்த வீதிமுனை வரைக்கும்தான் வரும்.

செஃபுக்கு இந்தக் குளமெல்லாம் கவலை இல்லை. அவருடைய கவலை உச்சி உணவகத்தின் மொட்டைமாடி. அங்கேதான் விருந்தினர்கள் கம்பளி போர்த்துக்கொண்டு சூடான வைன் குடிப்பார்கள். எங்கள் ஸ்னோமொபைல் பக்கத்தில் வந்து இருமியதும் மூக்கைப் பொத்துவார்கள். அதற்காக ஒரு கூட்டம் வைத்தார். கூட்டம் என்றால் கோப்பியும் பிறைப் பாணும் சேர்ந்தது. எந்த வெப்பநிலைக்கு எந்த அளவு என்று ஒரு அட்டவணை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதாக முடிவாயிற்று. நல்லது. அடுத்த கேள்வி, எந்த வெப்பமானியைப் பார்ப்பது? கிராமத்துச் சந்தியில் பெரிய எழுத்தில் வெப்பநிலை காட்டுகிற பலகை ஒன்று இருந்தது. ஒரு ஹோட்டல் சமையலறையின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருந்தார்கள். மத்தியானம் உருளைக்கிழங்கு பொரிக்கத் தொடங்கினால் கிராமத்துக்கே வசந்தம் வந்துவிடும். ஆகவே பட்டறை வாசலில் இன்னொரு வெப்பமானி மாட்டினோம். இப்போது கிராமத்தில் இரண்டு வெப்பநிலைகள். அதில் எது அதிகாரபூர்வமானது என்று முடிவெடுக்க இன்னொரு கூட்டம். மூத்தவர் அந்தக் கூட்டத்துக்கு வந்தார், பிறைப் பாணைச் சாப்பிட்டார், எழுந்து போய் வழக்கம்போலக் குளத்தின் குளிருக்கு இயந்திரத்தைச் சரிசெய்தார். செஃப் கேட்டபோது "ஓம், அட்டவணைப்படி" என்று சொல்லிவிட்டார்.

இதைப் பொய் என்று நினைக்கிற வயது எனக்கு அப்போது. மூத்தவர் ஓய்வு பெற்றுப் போன அடுத்த குளிர்காலம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அது நம்முடைய ஆட்களின் கலியாணம் ஒன்று. பேர்னில் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, மறுநாள் நெருங்கிய சொந்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டு படப்பிடிப்புக்காக எங்கள் மலைக்கு வந்திருந்தார்கள். பொம்பிளைக்குக் காஞ்சிபுரம் சேலை, காலுக்குப் பனிச்சப்பாத்து. மாப்பிள்ளை பட்டு வேட்டிக்குள்ளே கம்பளி நீள்காற்சட்டை போட்டிருந்தார். வேட்டி விலகும்போது வீடியோக்காரர் "கட், கட்" என்று கத்தினார். உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு ஒழுங்குசெய்திருந்தார்கள். ஆனாலும் நம்பிக்கை இல்லாமல் ரோல்ஸும் வடையும் பெட்டி பெட்டியாக மேலே வந்திருந்தன. உணவகத்துக்காரர் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை என்று அறிவித்தலைக் காட்டினார். அவருடைய கையில் ஒரு ரோல்ஸைக் கொடுத்தார்கள். அறிவித்தலைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்.

காலையில் பாண் பெட்டிகளோடு நான் ஸ்னோமொபைலில் அடிவாரத்திலிருந்து ஏறினேன். கீழே குளத்துக்குள் இயந்திரம் வெண்ணெய்போல ஓடியது. நான் உச்சிக்கு வந்து பாணை இறக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. தொலைபேசி இல்லை, நீங்கள் அறிந்த, தெற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் அந்தச் சூடான காற்று. வரும்போது சொல்லிக்கொண்டு வராது. கூரையில் இருந்து பனி ஒழுகத் தொடங்கியது. வீடியோக்காரர் பறக்கவிட்டிருந்த டிரோனைக் காற்று எடுத்துக்கொண்டு போயிற்று. அவர் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் கேபிள்கார் நிறுத்தப்பட்டது. காற்று இறங்கும்வரை மேலே இருக்கிறவர்கள் மேலேதான்.

சும்மா இருக்க முடியாமல் இயந்திரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். கீழே மைனஸ் பதினைந்துக்குச் சரிசெய்த கார்புரேட்டர், மேலே இப்போது பிளஸ் ஏழு. இருமியது பாருங்கள், காசநோய் வார்டு தோற்றுப்போகும். நீலப் புகை மொட்டைமாடி முழுக்க. சேலைகள் எல்லாம் மூக்குக்குப் போயின.

அப்போதுதான் அண்ணை வந்தார். பொம்பிளையின் பெரியப்பா. கோட்டுச் சூட்டு, கழுத்துப்பட்டி, கையில் ரோல்ஸ் தட்டு. ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறார், அங்கே மூன்று சங்கங்களில் தலைவர், நாலாவதில் ஆலோசகர். நீங்கள் இந்த வகை அண்ணைமாரை அறிவீர்கள், ஆனால் அவர்களுடைய மூலம் எது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒரு சின்னப் போத்தலில் துளிப் பெற்றோல் வைத்துக்கொண்டு, கார்புரேட்டருக்குள் பீச்சிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஓடுகிற வழியெல்லாம் இறங்கி இறங்கித் திருகவேண்டும். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு மேலான எதையும் ஓட்டிய எந்த ஆம்பிளையும், பிறகு கணக்காளராகப் போனாலும் சரி, கவிஞராகப் போனாலும் சரி, கார்புரேட்டர் சத்தம் கேட்டால் கை தானாகத் திருகாணியைத் தேடும். நானும் அந்த ஆட்களில் ஒருவன்தான். அதனாலேயே எனக்கு அவர்களைக் கண்டால் பயம்.

"தம்பி, பெற்றோல் கூட," என்றார். முகமன் ஒன்றும் இல்லை.

"ஓம் அண்ணை, தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஊசியை ஒரு வெட்டு இறக்கும். பாட்டுப் பாடும்."

"இறக்கலாம் அண்ணை. ஆனா கீழ சரியான குளிர். அங்க போனால் எஞ்சின் இறுகிப்போடும்."

"கீழ போகேக்க கீழத்தைப் பாப்பம். இப்ப மேலதானே நிக்கிறீர்? நான் மண்ணெண்ணெயில கொடிகாமம் வரைக்கும் ஓடினவன், எனக்குப் படிப்பிக்கிறீர்." பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைப் பக்கத்தாரைப் பார்த்து, "சுவிசுக்கு வந்தால் சனம் இருக்கிற மூளையையும் ஃபிரிஜ்ஜுக்குள்ள வைச்சிடுது," என்றார். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

ஊசி என்று அவர் சொன்னது கார்புரேட்டருக்குள் பெற்றோலின் அளவைப் பிடிக்கிற, வரிசையாக வெட்டுகள் போட்ட பித்தளைக் கம்பி. அதை ஒரு வெட்டு இறக்கினால் பெற்றோல் குறையும். அவர் சொன்னது, நாங்கள் நின்ற இடத்துக்கு நூறு வீதம் சரி. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். முட்டாள்தனமான ஆலோசனை சொல்கிறவனைச் சமாளிப்பது லேசு. சரியான ஆலோசனையைப் பிழையான இடத்துக்குச் சொல்கிறவன்தான் ஆபத்து.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அண்ணை கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். நெற்றியில் வேர்வை. இடது தோளைத் தடவிக்கொண்டு, "வாய்வு. ரோல்ஸ் கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு சோடா எடுங்கோ," என்றார். எங்கள் ஆம்பிளைகளுக்கு நெஞ்சுவலி என்ற வருத்தமே கிடையாது, எல்லாம் வாய்வு. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்டவர், மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய், மலைச்சரிவு மீட்புப்பணியில் இருந்த பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் நாடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மென்று விழுங்க அஸ்பிரின் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "இதயம். ஹெலிகொப்டர் இந்தக் காற்றில் வராது. கேபிள்கார் இல்லை. பனி சமன்செய்கிற பெரிய வண்டி காற்று விழுத்திய மரங்களுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. உன்னுடைய மெசின்தான்."

எனக்குப் பயம் பிடித்தது, ஓடிப்போய் வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

மூத்தவர் இருந்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். வயர்லெஸ்ஸில் வீதிமுனையைக் கூப்பிட்டுக் கேட்டேன், கீழே எவ்வளவு? மைனஸ் பதினாலு, சூடான காற்று இன்னும் அடிவாரத்துக்கு இறங்கவில்லை, அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதற்குள் செஃப் அதே அலைவரிசைக்குள் புகுந்துவிட்டார். அவர் கிராமத்து அலுவலகத்தில் அட்டவணைக்கு முன்னால் நின்றார். "மேலே பிளஸ் ஏழு என்று எனக்குத் தகவல் இருக்கிறது. அட்டவணைப்படி பெற்றோலைக் குறைக்க வேண்டும். குறைத்துவிட்டீர்களா?"

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சுவிஸ் செஃபும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையும் ஒரே விஷயத்தில் ஒரே கருத்துக்கு வந்திருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் தெளிந்து புத்தி வந்தது.

யோசித்தேன். குறைக்காமல் போனால் சரிவில் தீப்பொறி போடுகிற பிளக் நனைந்து இயந்திரம் நின்றுபோகலாம். சரிவில் நின்றால் சரிவே எங்களை இறக்கும். குறைத்துக்கொண்டு போனால் சரிவெல்லாம் பாடிக்கொண்டு போகும். கீழே குளத்துக்குள், சமவெளியில், பாரத்தை இழுத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடும்போது இறுகும். சமவெளியில் நின்றால் தள்ள ஆளில்லை, வேறு வண்டியில்லை, வீதிமுனை கண்ணுக்குத் தெரியாத தூரம். அண்ணையின் உயிர் அந்தச் சமவெளியில்தான் இருந்தது, மொட்டைமாடியில் இல்லை.

"ஓம் செஃப், அட்டவணைப்படி," என்றேன் வயர்லெஸ்ஸில்.

அண்ணையை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. அவரைச் சறுக்குவண்டியில் படுக்கவைக்கப் போனால் காலை ஊன்றிக்கொண்டார். முகம் சாம்பல் நிறம், வாய் மட்டும் ஓயவில்லை. "உந்த இருமுற மெசினில நான் ஏறமாட்டன். அது பாதி வழியில நிண்டுபோம். முதல்ல ஊசியை இறக்கும்."

மீட்புப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்? வலி கூடுகிறதா?" என்று கேட்டாள். கார்புரேட்டர் பற்றிச் சொல்கிறார் என்றேன். அவளுடைய பயிற்சியில் அது இருந்திருக்காது.

சுற்றி நின்ற சொந்தம் முழுக்க அவர் பக்கம். "அண்ணை சொல்லுறதைக் கேளுங்கோவன், அவருக்கு உதெல்லாம் அத்துப்படி." "ஒரு நிமிச வேலைதானே." "மெசின் இருமுறது எங்களுக்கே கேக்குதே." பொம்பிளை அழுதாள், மை கரைந்தது. எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். பயந்த சனத்துக்கு ஏதாவது ஒன்றைத் திருகினால்தான் ஆறுதல். அவர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கலாம். காற்றின் தடிப்பு, குளிரின் குளம், எல்லாம். விளக்கி முடிய அண்ணை இருந்திருக்கமாட்டார்.

நான் திருப்புளியை எடுத்தேன். இயந்திரத்தின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஒரு இரும்பில் இரண்டு மூன்று தரம் தட்டினேன். ஒருமுறை "ம்ம்" என்று முக்கினேன். அக்கா எனக்குப் பக்கத்தில் காற்றுக்கு மூடி விழாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மூடினேன்.

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னபடி ஒரு வெட்டு இறக்கிட்டன்."

"ரெண்டு கார்புரேட்டரிலயுமோ?"

"ரெண்டிலயும்தான் அண்ணை."

"அப்ப கிளப்பும்." படுத்துவிட்டார்.

கிளப்பினேன். அப்படியே இருமியது. அண்ணை ஒரு கண்ணைத் திறந்தார். "சூடேறினால் சரிவரும் அண்ணை," என்றேன். "ஓம் ஓம், சூடேறவேணும்," என்று நிபுணர் ஒப்புக்கொண்டார்.

அக்கா என் பின்னால் ஏறினார். ஹெல்மெட் இல்லாமல் ஏற அனுமதியில்லை என்று மீட்புப் பெண் நிறுத்தினாள். அக்கா கொண்டையையும் மல்லிகைப்பூவையும் பிய்த்து எறிந்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார். பட்டுச்சேலையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு என் ஜக்கெட்டைப் பிடித்தார். மீட்புப் பெண் சறுக்குவண்டியின் பின்னால் நின்றாள். புறப்பட்டோம்.

சரிவில் பாதி தூரம்கூடப் போகவில்லை, இயந்திரம் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. வெறும் காற்றுச் சத்தம். பின்னால் சறுக்குவண்டியிலிருந்து அண்ணையின் குரல், "காத்தைக் குறைக்காதையும்! காத்தைக் குறைக்காதையும்!" நான் ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கினோம். அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? செஃப் சொன்னதுதான் சரியோ? ஒரு மனிசனை என் பிடிவாதத்தால் கொல்லப்போகிறேனோ? அக்காவின் விரல்கள் ஜக்கெட்டைத் தாண்டி என் விலாவுக்குள் இறங்கியிருந்தன.

சரிவு தணிகிற இடத்தில் நிறுத்தி, உட்சட்டைப் பையில் சூடாக வைத்திருந்த புது பிளக்குகளை மாற்றினேன். மீட்புப் பெண் என்னைப் பார்க்காமல் அண்ணையின் நாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றை இழுத்தேன். கிளம்பியது, இருமிக்கொண்டேதான். அடிவாரத்துப் பனிப்புகார் முன்னால் சுவர்போல நின்றது. அதற்குள் புகுந்தோம்.

குளிர் முகத்தில் அறைந்தது. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஊசி குத்தியது. இயந்திரம் ஒருமுறை இருமியது. இன்னொரு முறை, பாதி இருமல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பீரமாக, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. நான் வேகப்பிடியை முழுக்கத் திருகினேன். பாரத்தை இழுத்துக்கொண்டு அது பறந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குளிருக்கு என்று மீட்புப் பெண்ணிடம் பிறகு சொன்னேன்.

பின்னாலிருந்து அண்ணையின் குரல் கேட்டது. மெலிந்துபோன குரல், ஆனாலும் தலைவர் குரல். "பாத்தியளோ? பாட்டுப் பாடுது! நான் சொன்னன்!"

"ஓம் அண்ணை!" என்று திரும்பாமலே கத்தினேன்.

வீதிமுனையில் அம்புலன்ஸ் நின்றது. அண்ணையை மாற்றி ஏற்றினார்கள், அக்காவும் ஹெல்மெட்டோடு ஏறிவிட்டார். அன்றைக்கு மாலையே இதயக் குழாயின் அடைப்பை எடுத்துவிட்டதாகச் சேதி வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னாராம். நான் பட்டறைக்குள் போய், ஸ்னோமொபைலின் இருக்கையில் உட்கார்ந்து, அழுதேன். அதை நீங்கள் வாட்ஸ்அப்பில் போடவேண்டாம்.

அடுத்த வாரம் செஃப் ஒரு கூட்டம் வைத்தார். நெருக்கடியில் அட்டவணை சரியாகப் பயன்பட்டதைப் பாராட்டிப் பேசினார். அட்டவணைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். எனக்கு ஒரு சொக்லேட் பெட்டி. நான் வாய் திறக்கவில்லை. மூத்தவர் ஏன் வருடம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தார் என்று அன்றைக்கு விளங்கியது.

அண்ணை தேறிவிட்டார். நல்லாத் தேறிவிட்டார். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், எங்கே கண்டாலும் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் அவர், சாகக் கிடந்தபடியே ஸ்னோமொபைல் திருத்திய கதை. ஒவ்வொரு தடவையும் குளிர் கூடிக்கொண்டு போகும், என்னுடைய மூளை குறைந்துகொண்டு போகும். உங்களில் இரண்டு பேர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்து, "அங்கிள், குளிருக்கு ஊசியை இறக்கவேணுமாமே?" என்று என்னிடமே கேட்டீர்கள். தயவுசெய்து இறக்காதேயுங்கோ. இந்தக் கடிதம் முழுக்க அதற்குத்தான்.

அந்தக் கோடையில் அண்ணை என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வந்திருந்தவர்களுக்கு முன்னால் தேக்கரண்டியை ஊசியாகவும் கிளாசைக் கார்புரேட்டராகவும் வைத்து எல்லாம் செய்துகாட்டினார். "தம்பி கெட்டிக்காரன்தான், ஆனா சொல்லிக் குடுக்க ஆள் வேணும்," என்று என் முதுகில் தட்டினார். நான் "ஓம் அண்ணை" என்றுவிட்டு வட்டிலப்பத்தைச் சாப்பிட்டேன்.

புறப்படும்போது அக்கா லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். பொத்தானை அழுத்திவிட்டு, வீட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அண்டைக்கு நீங்கள் மெசின்ர மூடியைத் திறந்தியள். ரெண்டு மூண்டு தரம் தட்டினியள். மூடினியள். நான் பக்கத்திலதானே நிண்டனான்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அக்கா, அது வந்து..."

"விளக்கம் ஒண்டும் வேண்டாம். எனக்கு மெசினைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆனா 'ஓம் அண்ணை' எண்டு நீங்கள் சொன்ன அந்தச் சத்தம் நல்லாத் தெரியும்." லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டார். "கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நானும் அப்பிடித்தான் சொல்லிச் சொல்லி, அந்த மனிசனை இவ்வளவு தூரம் உயிரோட கொண்டுவந்து சேத்திருக்கிறன்."